காக்கா ஆழியை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புதுத் தொல்லை. கொசஸ்தலை ஆற்றின் அடித்தரையில் கருநிற மட்டி ஒன்று அடை அடையாக அப்பிக் கிடக்கிறது. இறால் புதைந்துகொள்ள மண் இல்லை. காலங்காலமாக அங்கே இருந்த மட்டிகளுக்கும் இடம் இல்லை. மீனவர்கள் இதைக் காக்கா ஆழி என்கிறார்கள். சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகள். கப்பலோடு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

சரி, இதை அகற்றுவது சட்டப்படி யார் வேலை? மீன்பிடிப்பு கெடுகிறது என்பதால் மீன்வளத் துறையா, ஆற்றில் கிடக்கிறது என்பதால் நீர்வளத் துறையா, கப்பல் வழியாக வந்தது என்பதால் துறைமுகமா, அயல் இனம் என்பதால் வனத் துறையா? விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது அங்கேயும் இதுதான் பெரிய கேள்வியாக நின்றது. யார் எடுப்பது, யார் பணத்தில் எடுப்பது?

இந்த விஷயத்தைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தியாவில் அயல் இனங்களுக்கென்று முழுமையான தனிச் சட்டம் ஒன்று கிடையாது. பல சட்டங்களில் துண்டு துண்டாக ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒரு செடியோ மீனோ அந்தத் துண்டுகளில் எதில் மாட்டும் என்பது அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது, இப்போது யாருடைய இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பது அதற்குப் பிறகுதான். நாம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பல்லுயிர் குறித்த அரசுகளுக்கிடையிலான அறிவியல் மன்றம் 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலக நாடுகளில் 83 விழுக்காட்டில் இதற்கெனத் தனிச் சட்டமோ விதிமுறையோ இல்லை என்கிறது அது. அதே அறிக்கை, இந்த இனங்களால் உலகுக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 42,300 கோடி டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஆக்கிரமிப்பாளர்கள் இல்லை. மிளகாய், தக்காளி, மரவள்ளி, முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இவற்றின் மீது எந்தச் சட்டத்துக்கும் கோபம் இல்லை. மனிதர் கைபட்டு வந்து, பிறகு யார் உதவியும் இல்லாமல் தானாகப் பரவி, உள்ளூர் உயிர்களையோ பயிரையோ பிழைப்பையோ கெடுத்தால்தான் அது ஆக்கிரமிக்கும் அயல் இனம். வந்தவற்றில் சிறு பங்குதான் இப்படி மாறுகிறது. அந்த அறிக்கையின்படி உலகெங்கும் குடியேறிய அயல் இனங்கள் 37,000; அவற்றில் கெடுதல் செய்பவை 3,500-க்குச் சற்று மேல்.

வாசலில் நிற்கும் சட்டம்

நம் சட்டங்களில் பழையதும், ஓரளவு ஒழுங்காக வேலை செய்வதும் எல்லையில் நிற்கிற சட்டம்தான். அதன் பெயர் 1914-ஆம் ஆண்டின் அழிவுதரும் பூச்சிகள் சட்டம். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம், இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் போகாது. அதன் கீழ் மத்திய அரசு பிறப்பித்த தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை 2003-தான் இன்று நடைமுறையில் கைகால். வெளிநாட்டிலிருந்து விதை, நாற்று, பழம், மரக்கட்டை எது வந்தாலும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அனுப்பும் நாட்டின் அதிகாரி 'இதில் பூச்சியோ நோயோ இல்லை' என்று சான்றிதழ் தர வேண்டும். புதுப் பொருள் என்றால் அதோடு என்னென்ன வந்து சேரக்கூடும் என்று ஆபத்து மதிப்பீடு நடக்கும். சென்னைக்கு வரும் சரக்கை மீனம்பாக்கத்தில் உள்ள மண்டல நிலையம் பார்க்கிறது.

இந்த ஏற்பாட்டை நாமே கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. பெரிய கடைகளின் பின்பக்கம் அடுக்கியிருக்கும் மரப்பலகைத் தட்டுகளில், வெளிநாட்டிலிருந்து வந்தவை என்றால், கதிர் படம் போட்ட முத்திரை ஒன்று சுடப்பட்டிருக்கும். பக்கத்தில் 'எச்.டி.' என்று இருந்தால், அந்த மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடமாவது வைக்கப்பட்டது என்று பொருள். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் வண்டும் புழுவும் சாக வேண்டும் என்பதற்காக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி அது.

எல்லையில் இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால் பார்த்தீனியத்தைக் காட்டலாம். 1950-களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி. அமெரிக்காவிலிருந்து வந்த தானியத்தோடு விதையாக வந்தது என்பது பரவலான கருத்து. அன்றைக்கு ஒரு சாக்கைச் சலித்திருந்தால் போதும். இன்றைக்குக் காலி மனை இல்லாத ஊர் உண்டு, பார்த்தீனியம் இல்லாத ஊர் இல்லை. இலங்கையின் வடக்கில் இது 1980-களின் இறுதியில் இந்திய அமைதிப்படை கொண்டுபோன ஆடுகளோடு போய்ச் சேர்ந்தது என்பார்கள். ராணுவத்துக்குத் தொற்றுத்தடுப்புச் சோதனை யார் செய்வது!

ஆனால் 1914-ஆம் ஆண்டுச் சட்டம் பயிரைக் காக்க எழுதப்பட்டது. சீட்டு வாங்கி வருகிற பொருளைத்தான் அது நிறுத்திக் கேட்கும். காக்கா ஆழி சீட்டு வாங்கி வரவில்லை. சரக்கை இறக்கிய கப்பல் காலியாகப் போனால் ஆடும் என்பதால், துறைமுகத்திலேயே கடல்நீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும். அதற்கு பாலஸ்ட் தண்ணீர் என்று பெயர். அடுத்த துறைமுகத்தில் சரக்கேற்றும்போது அதைக் கொட்டிவிடும். ஒரு கரையின் முட்டையும் குஞ்சும் இப்படித்தான் இன்னொரு கரையில் இறங்குகின்றன. இதைத் தடுக்க 2004-இல் சர்வதேச உடன்படிக்கை உருவானது. நடைமுறைக்கு வரப் பதின்மூன்று ஆண்டு பிடித்தது. 2017 செப்டம்பர் 8-இல்தான் வந்தது. முதல் படியாக, கரையிலிருந்து குறைந்தது 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் தொட்டி நீரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கரையோர உயிர் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிர் கரையில் பிழைக்காது என்பதுதான் கணக்கு. அடுத்த படி, கப்பலிலேயே நீரைச் சுத்திகரிக்கும் கருவி. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது இந்தியா அதில் சேர்ந்திருக்கவில்லை. இத்தனை துறைமுகங்களை வைத்துக்கொண்டு நாம் காட்டிய இந்த நிதானம் எனக்குப் புரிந்ததே இல்லை.

உள்ளே வந்த பிறகு

எல்லையைத் தாண்டி வந்துவிட்டால் அரசியலமைப்புச் சட்டம் குறுக்கே வருகிறது. எதில் மத்திய அரசு சட்டம் போடலாம், எதில் மாநிலம், எதில் இரண்டும் என்று அது மூன்று பட்டியல் வைத்திருக்கிறது. துறைமுகத் தொற்றுத்தடுப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. வேளாண்மையும் பயிர்ப்பூச்சிகளைத் தடுப்பதும் மாநிலப் பட்டியலில் 14-ஆம் பதிவு. மீன்வளமும் மாநிலத்துக்குத்தான். காடும் காட்டுயிரும் பொதுப்பட்டியல். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பூச்சி பரவாமல் தடுப்பதும் பொதுப்பட்டியல். ஆக, கேரள எல்லையில் வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டும் ஒரு நாற்றுப்பை இரண்டு மூன்று அதிகாரங்களின் கீழ் பயணம் செய்கிறது.

தமிழ்நாட்டில் 1919-ஆம் ஆண்டின் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் இருக்கிறது. அரசு ஒரு பூச்சியையோ களையையோ அறிவித்தால், நிலத்துக்காரர் அதை ஒழித்தாக வேண்டும். செய்யாவிட்டால் அதிகாரி உள்ளே நுழைந்து தானே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம். கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் இந்த வகைச் சட்டம் பரவத் தொடங்கும் கட்டத்தில் மட்டும்தான் பலிக்கும். கர்நாடகம் 1975-லேயே பார்த்தீனியத்தைத் தீங்குக் களையாக அறிவித்தது. எல்லார் நிலத்திலும் இருக்கிற ஒன்றை வைத்திருப்பது குற்றம் என்றால் ஊரே குற்றவாளி, யாரைப் பிடிப்பது? இலங்கையில் ஆகாயத் தாமரையை, அங்கே ஆற்றுவாழை என்பார்கள், ஒழிக்க 1909-லேயே தனியாக ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். செடி அந்தத் தீவுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சட்டமும் இருக்கிறது, செடியும் இருக்கிறது.

இதை எல்லாம்விடச் சிக்கலானது சீமைக் கருவேலம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்கு வந்தது, விடுதலைக்குப் பிறகு விறகுப் பஞ்சம் தீர அரசாங்கமே வறண்ட மாவட்டங்களில் விதைத்தது. இங்கேதான் சட்டம் சங்கடப்படுகிறது. அரசு தந்த மரத்தை வைத்திருப்பதற்கு யாரைத் தண்டிப்பது? ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மழை பொய்த்த வருஷத்தில் வயல் சோறு போடாது, கருவேலம் போடும்.

கண்மாய்க்குள் நிற்கும் மரம் ஒரு துறைக்கு, ஊராட்சிப் புறம்போக்கில் நிற்பது ஊராட்சிக்கு, பட்டா நிலத்தில் நிற்பது பட்டாதாரருக்கு, காப்புக்காட்டில் நிற்பது வனத் துறைக்கு. ஏலம் விட வேண்டும் என்றால் மதிப்பு போட வேண்டும், அதற்கு ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து. ஒரு கண்மாயைச் சுத்தம் செய்தாலும் பக்கத்துத் தரிசில் நிற்கும் மரத்தின் காயை ஆடு தின்று, அடுத்த மழைக்குள் புழுக்கையோடு விதையைக் கொண்டுவந்து போட்டுவிடும். மரத்துக்குத் துறை எல்லை தெரியாது.

இந்தக் குழப்பத்தில் நீதிமன்றம் இறங்கியது. 2017-இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் மரங்களை அகற்ற உத்தரவிட்டு, வழக்கறிஞர்களை ஆணையர்களாக அனுப்பி மேற்பார்வை பார்த்தது. அரியலூரில் ஒரு நீதிபதி, ஜாமீன் கேட்டவர்கள் 100 சீமைக் கருவேலம் வெட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது செய்தியானது. அதே ஆண்டிலேயே, ஆய்வு எதுவும் இல்லாமல் கண்டபடி வெட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வியோடு இன்னொரு வழக்கு வந்து வேலை நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. நீதிமன்றத்தின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டிய இடத்தில் அடுத்து என்ன வளரும், வேரைத் தோண்டாவிட்டால் எத்தனை மாதத்தில் துளிர்க்கும், ஐந்து வருஷம் யார் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் ஒரு வாய்தாவுக்குள் முடிகிற விஷயம் இல்லை.

அப்புறம் 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்கள் குறித்தும் இயற்கை வாழிட மீட்பு குறித்தும் ஒரு கொள்கை வெளியிட்டது. 196 அயல் தாவரங்களை அடையாளம் கண்டு, அவற்றில் 23-ஐ முன்னுரிமைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வெட்டுவது பாதி வேலைதான், அந்த இடத்தில் உள்ளூர்ச் செடியைத் திரும்பக் கொண்டுவருவது மீதி வேலை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. கொள்கைக்கும் சட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கொள்கை அரசாங்கம் தனக்குத்தானே எழுதிக்கொள்வது. அதை மீறினால் உங்களுக்கோ எனக்கோ அபராதம் கிடையாது. ஆனால் 'நீங்களே சொன்னீர்களே, ஏன் செய்யவில்லை' என்று நீதிமன்றத்தில் அரசைக் கேட்க அது ஒரு பிடி.

காட்டுக்குள் சட்டம் எதிர்ப்பக்கம் நிற்கிறது

முதுமலைக்கோ சத்தியமங்கலத்துக்கோ போகும் வழியில் மஞ்சள் பூ குலுங்கும் மரங்களைப் பார்த்துப் படம் எடுத்திருப்பீர்கள். பல இடங்களில் அது நம் சரக்கொன்றை இல்லை, மஞ்சள் கொன்னை என்று சொல்லப்படும் அமெரிக்க மரம். அதன் அடியில் புல் வளர்வது அரிது. புல் இல்லை என்றால் மான் இல்லை, மற்றதும் இல்லை.

வெட்டிவிட வேண்டியதுதானே? இங்கே நம் காட்டுச் சட்டங்களின் மனப்போக்கே குறுக்கே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்திலிருந்து எதையும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது என்கிறது. காட்டைக் கொள்ளையடிப்பவரிடமிருந்து காப்பாற்ற எழுதியது, அந்த நோக்கத்துக்கு நல்ல சட்டம். மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். சோலைக்கு உரிய மரமும் வெள்ளைக்காரர் கொண்டுவந்த சீகை மரமும் மரம் என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. வெட்டிய கட்டையை விற்கலாம் என்று சொன்னாலோ இன்னொரு பயம்: சீகையோடு சேர்த்து தேக்கும் லாரி ஏறிவிடுமோ என்று. அது வீண் பயம் இல்லை. மஞ்சள் கொன்னையை வெட்டிக் காகிதக்கூழுக்குக் கொண்டுபோகும் வேலையை அரசு தன் நிறுவனமான தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குக் கொடுத்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

2022-இல் காட்டுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டபோது முதல்முறையாக அயல் இனங்களுக்கென்று 62-ஏ என்ற பிரிவு நுழைந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. காட்டுயிருக்கு ஆபத்தான அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல், பெருக்குதல் ஆகியவற்றை மத்திய அரசு அறிவிக்கை வழியாகக் கட்டுப்படுத்தலாம் அல்லது தடை செய்யலாம். அதிகாரிகள் பறிமுதல் செய்து அழிக்கலாம். இதில் 'செய்யலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த இனம் என்று அரசு பெயர் சொல்லி அறிவித்தால்தான் பிரிவுக்குப் பல் முளைக்கும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அயல் இனம் என்றால் 'இந்தியாவுக்கு உரியதல்லாதது' என்று சட்டம் வரையறுக்கிறது. அந்தமானை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் அங்கே புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். தீவில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மான் பெருகி இளங்கன்றுகளைத் தின்று காட்டைத் தலையெடுக்க விடாமல் செய்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த இந்தியப் பெருந்தவளை உள்ளூர் ஓணான்களையும் சிறு தவளைகளையும் விழுங்குகிறது. இரண்டும் பெருநிலத்தில் இந்திய உயிர்கள், ஆகவே 62-ஏ-யின் கண்ணில் அவை அயல் இல்லை. மானை வேட்டையாடினாலோ அதே சட்டப்படி ஜெயில். உயிரினங்களுக்குப் பாஸ்போர்ட் இல்லை என்பதை வரையறை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்

உலகில் இதற்கு இரண்டு பாணி உண்டு. ஒன்று, தடைப்பட்டியல்: பட்டியலில் இருப்பது கூடாது, மற்றதெல்லாம் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் போட்ட சட்டம் இந்த வகை. முதல் பட்டியல் 2016-இல் 37 இனங்களோடு வந்தது. அதில் ஓர் இரக்கமான ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். பட்டியலில் வருவதற்கு முன்பே வீட்டில் வளர்த்துவந்த பிராணியை, அது சாகும்வரை வைத்துக்கொள்ளலாம், தப்பவும் இனப்பெருக்கம் செய்யவும் விடாமல் இருந்தால் போதும். இந்தச் சலுகை இல்லாவிட்டால், சட்டம் வந்த மறுநாளே பயந்துபோனவர்கள் ஆமைகளை எல்லாம் குளத்தில் விட்டிருப்பார்கள்.

இன்னொன்று அனுமதிப்பட்டியல்: பட்டியலில் இருப்பது மட்டும் வரலாம். நியூசிலாந்து இந்த வகை. 1998 ஜூலை 29-க்கு முன் அந்த நாட்டில் இல்லாத எந்த உயிரும் அவர்களுக்குப் 'புது உயிர்'; கொண்டுவர நினைப்பவர்தான் அது ஆபத்தில்லை என்று காட்ட வேண்டும். பையில் மறந்துபோன ஆப்பிளைச் சொல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். எது ஆபத்து என்று தெரிவதற்குள் அது வந்து பெருகிவிடுகிறது என்பதால் இந்தப் பாணிதான் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். ஆனால் கடல் சூழ்ந்த நாட்டுக்கு எளிதாக இருப்பது, நம்மைப் போல் நீண்ட நில எல்லை உள்ள நாட்டுக்கு அவ்வளவு எளிதல்ல.

தென்னாப்பிரிக்கா நில உரிமையைப் பிடித்துக்கொண்டது. அங்கே பட்டியலில் உள்ள இனங்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: கட்டாயம் ஒழிக்க வேண்டியவை, கட்டுப்படுத்த வேண்டியவை, அனுமதிச்சீட்டோடு வளர்க்கலாம் என்பவை, இருப்பது இருக்கட்டும் புதிதாக நடக் கூடாது என்பவை. நிலத்தை விற்பவர், அதில் பட்டியலிட்ட இனம் இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பத்திரத்தில் கிணறும் தென்னையும் எழுதுகிறோமே, அந்த இடத்தில் இதற்கும் ஒரு வரி சேர்த்தால் பட்டா நிலத்துக் கருவேலத்துக்கு ஒரு வழி பிறக்கும்.

தடை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கிறது. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே வளர்ப்பைத் தடை செய்த மீன் இது. கோழிக்கழிவைப் போட்டாலே வளர்கிறது, அழுக்குத் தண்ணீரில் பிழைக்கிறது, சீக்கிரம் எடை போடுகிறது. லாபம் இருக்கும்போது தடை என்பது விலையைத்தான் கொஞ்சம் ஏற்றும். அதிகாரிகள் அவ்வப்போது குட்டையை உடைத்து மீனைப் புதைக்கிறார்கள். குஞ்சு வருகிற இடம் வேறெங்கோ இருக்கிறது. வெள்ளம் வந்தால் குட்டை மீன் ஆற்றுக்குப் போய்விடுகிறது.

சட்டம் தடுப்பதோடு நிற்பதில்லை, சில சமயம் அயல் இனத்தைக் கொண்டுவரவும் அதுதான் வழிவிட வேண்டும். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, வேகமாகச் சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு வந்தது. ஜவ்வரிசி ஆலைகளின் மூலப்பொருளே ஆட்டம் கண்டது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவை வாட்டியபோது, அதன் சொந்தக் கண்டமான தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன ஒரு சிறு குளவிதான் அதை அடக்கியது. குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிடும். அந்தக் குளவி இந்தியாவுக்கும் அயல்தான். அதனால் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் அதே ஆணைப்படி அனுமதி வாங்கி, 2021-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தார்கள். பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் அதை அடைப்பில் வைத்து, மற்ற நல்ல பூச்சிகளைத் தொடுகிறதா என்று பார்த்தது. பிறகுதான் 2022 மார்ச்சில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதல் தொகுதியை வயலில் திறந்துவிட்டார்கள். மாவுப்பூச்சி எந்தத் தாளும் இல்லாமல் வந்தது. அதைத் தின்ன வந்த குளவிக்குப் பல மாதத் தாள் வேலை. இந்த ஒரு விஷயத்தில் தாமதத்தைக் குறை சொல்ல முடியாது.